ஊட்டி டீ: நாம குடிக்கிறது எது, கப்பல் ஏறுறது எது?

ஊட்டிக்கு டூர் போயிட்டு திரும்புபவர்களின் பையில் மூன்று பொருட்கள் கட்டாயம் இருக்கும். வர்க்கி, சாக்லேட், டீத்தூள். வீட்டுக்கு வந்து ஆசையாக அந்தத் தூளில் டீ போட்டுக் குடித்தால், "என்னடா இது, நம்ம தெருமுனைக் கடை டீ மாதிரியே இருக்கே" என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில் தப்பே இல்லை. பெரும்பாலும் இரண்டும் ஒரே வகைத் தூள்தான்.

அப்படியென்றால் உலகம் முழுக்க டீ பிரியர்கள் தேடி வாங்கும் 'நீலகிரி டீ' எது? அதை எங்கே போய் குடிப்பது? பார்க்கலாம்.

ஒரே செடி, இரண்டு டீ

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் குடிக்கும் பால் டீயும், லண்டனில் ஒருவர் பால் இல்லாமல் குடிக்கும் நீலகிரி டீயும் ஒரே மலையின் கொழுந்தில் இருந்து வந்திருக்கலாம். வித்தியாசம் தொழிற்சாலைக்குள் நடக்கிறது.

முதல் வகை சிடிசி. வாட வைத்த இலையை, பற்கள் கொண்ட உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டிவிடுவார்கள். கடுகு மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகளாக வரும். 1930களில் அசாமில் வந்த தொழில்நுட்பம் இது. கொதிநீரில் போட்டதும் சட்டென்று சாயம் இறங்கும், ஸ்ட்ராங்காக இருக்கும், எவ்வளவு பால் ஊற்றினாலும் தாங்கும். இதிலேயே இன்னும் பொடியாக இருப்பதுதான் டஸ்ட். தென்னிந்திய டீக்கடைகளின் ராஜா அதுதான்.

இரண்டாவது வகை ஆர்த்தோடாக்ஸ். இலையைக் கிழிக்காமல் மெதுவாக உருட்டி, காற்றில் நிறம் மாற விட்டு, உலர்த்துவார்கள். முழு இலையாகவோ பெரிய துண்டுகளாகவோ இருக்கும். சாயம் பொன்னிறத்தில் இறங்கும், வாசனை பூ மாதிரி வரும். இதில் பால் ஊற்றினால் அந்த வாசனை காலி. 'நீலகிரி ஆர்த்தோடாக்ஸ்' என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றிருப்பது இந்த வகைதான். இதன் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது. 2006ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த தேயிலை ஏலத்தில் ஒரு நீலகிரி டீ கிலோ 600 டாலருக்கு விலை போனது.

பாக்கெட்டில் 'ஆரஞ்சு பெக்கோ' என்று போட்டிருந்தால் ஆரஞ்சுப் பழ வாசனை வரும் என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம். அது இலையின் அளவைக் குறிக்கும் தரப் பெயர், அவ்வளவுதான்.

ஐஸ் டீ பிரியர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். பல ஊர் டீ ஆறியதும் கலங்கிப் போகும். நீலகிரி ஆர்த்தோடாக்ஸ் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் தெளிவாகவே இருக்கும். வெளிநாட்டு ஐஸ் டீ தயாரிப்பாளர்கள் இதைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உறைபனி டீ

டார்ஜிலிங்கில் குளிர்காலம் வந்தால் செடி தூங்கிவிடும், பறிப்பு கிடையாது. நீலகிரிக்கு தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைப்பதால் ஆண்டு முழுக்க கொழுந்து பறிக்கிறார்கள். அதிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறிக்கும் இலைக்குத் தனி மவுசு. இரவில் உறைபனி, பகலில் நல்ல வெயில். அந்தக் குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் வாசனை கூடும் என்கிறார்கள் டீ தயாரிப்பவர்கள். பனி அதிகமாகக் கொட்டினால் செடியே கருகிவிடும் என்பது இதன் மறுபக்கம். கடல் மட்டத்தில் இருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் கொரக்குந்தா போன்ற எஸ்டேட்டுகள் இந்த டீக்குப் பெயர் பெற்றவை.

கெட்டியில் தொடங்கிய கதை

ஊட்டி அருகே கெட்டியில் 1830களில் சோதனை முறையில் தேயிலை நடப்பட்டது. 1850களின் கடைசியில் தயாசோலை, டன்சாண்டில் எஸ்டேட்டுகள் வந்தன. சீனாவில் இருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்தான் இங்கு டீ தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு கதை இன்றும் மலையில் சொல்லப்படுகிறது. 1893ல் தொடங்கப்பட்ட தென்னிந்திய தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் தலைமையகம் குன்னூரில்தான் இருக்கிறது. தேயிலை ஏலம் நடப்பதும் அங்கேதான்.

தேத்தண்ணி குடிப்பவர்கள்

கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளில் பெரியவர்கள் சிலர் டீ என்று சொல்ல மாட்டார்கள். "தேத்தண்ணி" என்பார்கள். பால் சேர்க்காமல் குடித்தால் "சாயத்தண்ணி". அது இலங்கை மலையகத்துப் பேச்சு.

19ஆம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம், ராமநாதபுரம் பக்கமிருந்து இலங்கையின் காபி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வாரிசுகள் இவர்கள். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் வந்து, இவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று முடிவானது. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, 1968ல் தமிழக வனத்துறை நிலத்தில் தேயிலை பயிரிடும் திட்டம் ஆரம்பமானது. அதுவே பிறகு 'டேன்டீ' என்ற அரசு நிறுவனம் ஆனது.

காட்டை வெட்டி, செடி நட்டு, அதே லைன் வீட்டில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவர்கள். தொடர் நஷ்டத்தால் டேன்டீ வசம் இருந்த 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை மீண்டும் வனத்துறையிடமே ஒப்படைக்க 2022ல் அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்றால் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போவதற்கு சொந்த ஊர் என்று ஒன்று இல்லாதவர்களுக்கு இது சாதாரண விஷயமா?

ஒரு கிளாஸ் டீயில் விவசாயிக்கு எவ்வளவு?

நீலகிரி தேயிலை என்றால் பெரிய எஸ்டேட்டுகள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டை ஒட்டி ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். படுகர் சமூகத்தினர் இதில் அதிகம். ஒரு காலத்தில் இங்கிருந்து சோவியத் நாட்டுக்கு டீத்தூள் நிறைய போனது. அந்த நாடு உடைந்து, 1990களின் கடைசியில் விலை சரிந்தபோது விழுந்த அடியில் இருந்து பல குடும்பங்கள் எழவே இல்லை.

இவர்கள் தூள் விற்பதில்லை. பச்சைத் தேயிலையைத்தான் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார்கள். தேயிலை வாரியம் மாதாமாதம் ஒரு விலை அறிவிக்கும். அது கட்டுப்படியாகவில்லை என்பதுதான் பல வருடப் புகார். கிலோவுக்கு 30 ரூபாய்க்கு மேல் நிர்ணயிக்கக் கேட்டு 2023 செப்டம்பரில் கோத்தகிரி பகுதியில் தொடர் உண்ணாவிரதமே நடந்தது.

ஒரு சின்ன கணக்கு. ஒரு கிலோ டீத்தூளுக்கு சுமார் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். விவசாயிகள் கேட்கும் 30 ரூபாயே கிடைத்தாலும் இலைக்கு 135 ரூபாய். ஒரு கிளாஸுக்கு இரண்டரை கிராம் தூள் என்று வைத்தால் 400 கிளாஸ் டீ. அதாவது நாம் 15 ரூபாய் கொடுத்துக் குடிக்கும் டீயில் இலை விளைவித்தவருக்குப் போவது சுமார் 34 பைசா. உரம், பறிப்புக் கூலி எல்லாம் அதற்குள்தான்.

சிறு விவசாயிகளின் 16 கூட்டுறவு தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து இருக்கும் கூட்டமைப்பு 'இன்ட்கோசர்வ்'. ரேஷன் கடைகளில் கிடைக்கும் 'ஊட்டி டீ' பாக்கெட் இவர்களுடையதுதான்.

போனால் எதைப் பார்க்கலாம், எதை வாங்கலாம்?

டீ தயாரிப்பதை நேரில் பார்க்க தொட்டபெட்டா தேயிலை மியூசியம், குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கம் இருக்கும் ஹைஃபீல்டு தொழிற்சாலை இரண்டும் வசதி. கூட்டம் பிடிக்காதவர்கள் கோத்தகிரி பக்கம் போகலாம். தோட்டங்கள் அதே அழகு, ஹாரன் சத்தம் குறைவு. மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ரயிலில் போனால் 46 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆகும். குன்னூரை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவுகள் வரும், அதனால் தூங்கிவிட வேண்டாம்.

கடையில் "நல்ல டீத்தூள் கொடுங்க" என்று கேட்டால் சிடிசிதான் வரும். "ஆர்த்தோடாக்ஸ், முழு இலை" என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் அதைப் போட்டு கொதிக்க விடக்கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, ஒரு கப்புக்கு ஒரு ஸ்பூன் இலை போட்டு, மூன்று நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் போதும். முதல் வாய் "என்ன, வெந்நீர் மாதிரி இருக்கு" என்று தோன்றலாம். பால் டீயில் பழகிய நாக்கு அப்படித்தான் சொல்லும். இரண்டு மூன்று நாள் குடித்துப் பாருங்கள்.

ரோட்டோரம் லூஸில் வாங்கும் தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று சந்தேகமா? வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளை எடுத்துவிட்டு தாளைக் குழாயடியில் கழுவிப் பாருங்கள். கறை ஒட்டியிருந்தால் அது கலப்படத் தூள்.

சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு அது கட்டாயம். அரசு பஸ்ஸிலோ மலை ரயிலிலோ போகிறவர்களுக்குத் தேவையில்லை.