நடந்து திரட்டிய தர்மம்

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் மிகச் சிறியது ஷிகோகு. அத்தீவைச் சுற்றி எண்பத்தெட்டுப் பௌத்த ஆலயங்கள் ஒரு மாலைபோல் அமைந்திருக்கின்றன. முதலாவதான ரியோசென்ஜியில் புறப்பட்டு எண்பத்தெட்டாவதான ஓகுபோஜியில் முடிப்பவர் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் நடந்திருப்பார். நன்றாக நடப்பவருக்கும் நாற்பது நாட்கள் வேண்டும். வெள்ளாடை உடுத்து, கோரைத் தொப்பி அணிந்து, கையில் தடியுடன் செல்லும் இந்த யாத்ரீகரை ‘ஹென்ரோ’ என்று அழைக்கின்றனர். அண்மைக் காலத்தில் இவர்களிடையே வேறொரு நோக்கத்துடன் நடப்பவர்களும் காணப்படுகின்றனர். நோயாளிகளுக்காகவோ, ஆதரவற்ற குழந்தைகளுக்காகவோ நிதி திரட்ட எண்ணி, “நான் இத்தனை தூரம் நடக்கிறேன், நீங்கள் இவ்வளவு கொடுங்கள்” என்று உற்றாரிடம் கேட்டுக்கொண்டு புறப்படுகிறவர்கள் இவர்கள்.

இதைக் கேட்கும் நேயர்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். யாத்திரை புண்ணியத்துக்கா, வசூலுக்கா என்று எனக்கும் முதலில் ஐயம் எழுந்தது. வரலாற்றைப் புரட்டிய பின்னரே, ஜப்பானில் இவ்விரண்டும் வெகு காலமாக ஒரே பாதையில் சென்றிருக்கின்றன என்பது தெரிந்தது.

ஷிகோகு யாத்திரைக்கு மூலபுருஷர் கூகாய் (774–835). கோபோ தைஷி என்பது மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கிய பட்டம். அத்தீவிலுள்ள சனுகி நாட்டில் பிறந்த அவர், 804இல் சீனம் சென்று, ஹுயிகுவோ என்னும் ஆசானிடம் தீட்சை பெற்று, 806இல் நாடு திரும்பி ஷிங்கோன் மரபை நிறுவினார். அம்மரபின் குருபரம்பரையில் ஐந்தாமவர் வஜ்ரபோதி. அவர் பல்லவர் காலத்துக் காஞ்சியோடு தொடர்புடையவர். கடல்வழியே சென்று 720ஆம் ஆண்டளவில் சீனத்தை அடைந்தவர். பிறந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நம்மைப் போன்றோருக்கு இச்செய்தி சற்று நெருக்கமாகவே ஒலிக்கும். கூகாயைத் தியானத்தில் அமர்ந்த முனிவராக மட்டும் எண்ணிவிடலாகாது. 821இல் தம் சொந்த நாட்டில் உடைந்து கிடந்த மன்னோ ஏரியின் கரையை, மக்களைத் திரட்டி மூன்று மாதத்துக்குள் கட்டி முடித்தவர் அவர். ஏரிக்கரையின் அருமை நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பொதுக் காரியத்துக்காக நடந்து பொருள் திரட்டும் துறவியரின் பணிக்கு ஜப்பானிய மொழியில் ‘கன்ஜின்’ என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் சில நாட்கள் தொல்லை கொடுத்தது. ‘நன்கொடை வசூல்’ என்றால் பாதி பொருள் போய்விடுகிறது. ‘நல்வழியில் ஊக்கிச் செலுத்துதல்’ என்பதே அதன் எழுத்துப் பொருள். கொடுப்பவனுக்கும் ஒரு நன்மை செய்கிறோம் என்ற எண்ணம் அதனுள் அடங்கியிருக்கிறது.

இத்துறையின் முன்னோடி கியோகி (668–749). ஊர் ஊராகச் சென்று, மக்களைக் கூட்டி, பாலமும் குளமும் அமைத்தவர் அவர். அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. 717இல் வெளியான ஆணை அவரை இழிவாகப் பெயர் சுட்டிக் கண்டித்தது. ஆனால் 743இல் மன்னர் ஷோமு மாபெரும் புத்தர் சிலையொன்றை வார்க்க உறுதி பூண்டபோது, மக்களிடம் சென்று பொருளும் உழைப்பும் திரட்டக்கூடியவர் கியோகியே என்பதை அதே அரசாங்கம் உணர்ந்தது. 745இல் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த சங்கப் பதவியை அளித்தது. அரசாங்க அலுவலகத்தில் பணிபுரியும் எனக்கு இவ்வரலாறு சிறு புன்னகையை வருவிக்கிறது. 752இல் அச்சிலைக்குக் கண் திறந்தவர் நம் பாரதத்துத் துறவி போதிசேனர்.

அச்சிலை இருந்த நாரா நகரத் தோதாய்ஜி ஆலயம் 1180இல் போரில் எரிந்தது. மறு ஆண்டு, அறுபது வயதைக் கடந்த சோகென் என்ற துறவி புனரமைப்புக்கு நிதி திரட்டும் பொறுப்பை ஏற்றார். அவருக்காக 1186இல், அறுபத்தொன்பதாம் வயதில், கவிஞரும் துறவியுமான சாய்கியோ வடக்கே ஹிராய்சுமி வரை நெடும் பயணம் மேற்கொண்டார். சிலைக்கு முலாம் பூசப் பொன் கேட்பதே நோக்கம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஷிகோகுவுக்குச் சென்று கூகாய் பிறந்த தலத்தைத் தரிசித்தவரும் இவரே. வழியில் காமகுரா நகரில், ஆட்சித் தலைவன் யோரிதோமோ அவரை ஓர் இரவு தங்கவைத்து, வெள்ளியாலான பூனை ஒன்றைப் பரிசளித்தான். வாயிலைக் கடந்ததும், அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தையிடம் அதைக் கொடுத்துவிட்டு அவர் நடந்தாராம். பொன் கேட்டுச் செல்பவர் தமக்கென்று வந்த வெள்ளியைத் தொடவில்லை!

ஷிகோகுவுக்கு வந்தால் நீரோட்டம் திசை மாறுகிறது. இங்கே நடப்பவனுக்கே மற்றவர் கொடுக்கின்றனர். அரிசி, வைக்கோற் செருப்பு, ஆரஞ்சு, காசு, இரவு தங்க இடம் ஆகிய இவற்றையெல்லாம் ‘ஒசெத்தாய்’ என்ற பெயரால் அளிப்பர். யாத்ரீகனோடு கோபோ தைஷியும் உடன் நடக்கிறார் என்பது நம்பிக்கை. ஆகவே இவனுக்குக் கொடுப்பது அவருக்குக் கொடுப்பதாகும். எதிர்க்கரையிலுள்ள கிஷூ நாட்டு மக்கள், யாத்திரைப் பருவத்தில் படகு நிறையப் பொருள்களை ஏற்றிக் கடல் கடந்து வந்து ஆலய வாயிலில் நின்று வழங்குவர். பழனிக்கு நடப்போருக்கு வழியெங்கும் அன்னதானம் நடப்பதைக் கண்டவர்களுக்கு இக்காட்சி எளிதில் விளங்கும்.

இந்தத் தானத்தை நம்பியே பலர் உயிர் வாழ்ந்தனர் என்பதை மறைக்கக்கூடாது. தொழுநோய் கண்டு வீட்டைவிட்டு விலக்கப்பட்டவர்கள் ஷிகோகுவை அடைந்து, சாகும்வரை சுற்றிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளாடையே பிணத்துணி; தடியே கல்லறை அடையாளம். தொசா நாட்டு ஆட்சியினர் யாத்ரீகர் நுழைய ஒரு வாயில், வெளியேற ஒரு வாயில் என வரையறுத்துக் காவல் வைத்தனர். மெய்ஜி காலத்தில் காவலர்கள் பிச்சையெடுக்கும் யாத்ரீகரைப் பிடித்து எல்லைக்கு வெளியே துரத்தினர். 1918இல் தம் இருபத்துநான்காம் வயதில் இவ்வழியே நடந்து, நாளிதழுக்குக் கட்டுரைகள் எழுதியனுப்பிய தகமுரே இத்சுஎ என்னும் பெண்மணி இந்நோயாளிகளை நேரில் கண்டவர்.

பாதையையே தர்மமாகச் செய்தவர் இருவர். ஷின்னென் என்ற துறவி 1687இல் யாத்திரை வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டு, இருநூறுக்கு மேற்பட்ட வழிகாட்டிக் கற்களை நாட்டினார். மற்றவர் நகத்சுகாசா மோஹெய் (1845–1922). 1866இல் ஊரைவிட்டுப் புறப்பட்ட இவர் திரும்பவேயில்லை. ஐம்பத்தாறு ஆண்டுகளில் 280 முறை தீவை வலம் வந்தார். ஆண்டுக்கு ஐந்து முறை, மொத்தம் மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல்! எண்பத்தெட்டாவது சுற்றிலிருந்து, அன்பர்களிடம் பொருள் பெற்றுக் கற்களை நாட்டத் தொடங்கினார். கல்லில் திசை காட்டும் ஒரு கை. எத்தனையாவது சுற்று என்ற எண். பொருள் கொடுத்தவர் பெயர். கொடுத்தவரின் காசு எங்கே போயிற்று என்று கேட்கவே வேண்டாம். அது சாலை ஓரத்தில் நிற்கிறது.

இன்று நிதிக்காக நடப்பவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. வழியில் ஒரு மூதாட்டி கையில் திணிக்கும் நாணயம் அவர் திரட்டும் நிதியைச் சேருமா, அவருடைய மதிய உணவுக்கா? அம்மூதாட்டி கொடுத்தது நிதிக்கு அன்று, தைஷிக்கு. நடப்பவன் உண்டு தெம்பாக மேலே செல்லவேண்டும் என்பதே அவள் கருத்து. நானாயிருந்தால் இரண்டு பை வைத்துக்கொள்வேன்.

ஒசெத்தாய் பெற்றவர் கைம்மாறாகத் தம் பெயரும் ஊரும் எழுதிய சிறு காகிதச் சீட்டு ஒன்றைக் கொடுப்பது வழக்கம். அச்சீட்டு வீட்டைக் காக்கும் என்று நம்பிய கிராமத்தார், அவற்றை வைக்கோற் பொதியில் சேர்த்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டனர். பழைய வீடுகளில் அப்பொதிகளை அவிழ்த்து, எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் நடந்து வந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் இப்போது கணக்கெடுத்து வருகிறார்கள்.