ஜன்னலோரக் கட்டில்

பித்தப்பையை எடுக்க வேண்டும் என்றால் இன்று சிறு துளைகள் போட்டு எடுத்துவிட்டு, ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 1970களில் வயிற்றைக் கீறித் திறந்துதான் எடுத்தார்கள்; நோயாளி ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் புறநகர் ஒன்றில் இருந்த மருத்துவமனையில் அப்படிக் கிடந்தவர்கள் சிலருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்றவர்களுக்குத் தெரிந்தது பழுப்புச் செங்கல் சுவர். பார்த்துப் பார்த்துக் கொடுத்த அறைகள் அல்ல. எது காலியானதோ அது கிடைத்தது.

மருத்துவமனைக்குள் தோட்டம் வேண்டும், நோயாளியின் கண்ணில் பச்சை பட வேண்டும் என்று கட்டடக் கலைஞர்கள் இன்று வாதாடுவதற்குப் பெரும் பலம் தந்தவை இந்த ஜன்னல்கள்தான்.

அவற்றைக் கவனித்தவர் ராஜர் உல்ரிச். மருத்துவர் அல்லர், புவியியல் படித்தவர். மிச்சிகனில் ஆய்வு மாணவராக இருந்தபோது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, ஆன் ஆர்பர் நகர மக்கள் கடைக்கு எந்த வழியாகப் போகிறார்கள் என்பது. விரைவுச்சாலை இருந்தும் பலர் நேரம் கூடுதலாகும் மரங்கள் அடர்ந்த சாலையில் போனார்கள். அவர்களுக்கு அதில் ஏதோ கிடைத்தது. அது என்ன என்பதை உல்ரிச் தன் உடம்பிலேயே ஓரளவு அறிந்திருந்தார். பதின்ம வயதில் சிறுநீரக நோயால் நெடுநாள் வீட்டில் படுத்திருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே நின்ற பைன் மரம்தான் தன்னைத் தாங்கியது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அனுபவத்தைச் சொன்னால் எந்த மருத்துவமனை நிர்வாகம் காது கொடுக்கும்? கணக்கு வேண்டும். அந்தப் பென்சில்வேனியா மருத்துவமனையின் 1972 முதல் 1981 வரையிலான நோயாளிக் கோப்புகளை அவர் எடுத்துக்கொண்டார். மே மாதத் தொடக்கம் முதல் அக்டோபர் 20 வரை அறுவை நடந்தவர்கள் மட்டுமே கணக்கில் சேர்ந்தார்கள்; மற்ற மாதங்களில் அந்த மரங்களில் இலை இருக்காது. இந்த ஒரு நிபந்தனையிலேயே ஆய்வின் நேர்மை எனக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு 46 பேரை 23 ஜோடிகளாகப் பிரித்தார். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். வயது, உடல் பருமன், புகைப்பழக்கம், தங்கிய மாடி எல்லாம் கூடியவரை ஒத்துப்போக வேண்டும். ஜோடியில் ஒருவருக்கு மரம், மற்றவருக்குச் சுவர். கோப்புகளிலிருந்து விவரம் எடுத்துக் கொடுத்த அனுபவமுள்ள நர்ஸுக்கு, எந்த நோயாளி எந்த ஜன்னலோரம் இருந்தார் என்று தெரியாது.

மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவர் தெரிந்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. முக்கால் நாள்கூட இல்லையே என்று தோன்றலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வலி மருந்துக் கணக்கு. அறுவைக்குப் பின் இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை, சுவர்ப்பக்கத்தாருக்கு வீரியம் மிக்க வலிநிவாரணி ஊசிகள் அதிகம் தேவைப்பட்டன. மரத்தைப் பார்த்தவர்களில் பலர் ஆஸ்பிரின், பாரசிட்டமால் போன்றவற்றிலேயே சமாளித்துக்கொண்டார்கள். நர்ஸுகள் அன்றாடம் எழுதிய குறிப்புகளும் அதையே சொல்கின்றன. அழுதார், தேற்ற வேண்டியிருந்தது என்ற மாதிரிக் குறிப்புகள் சுவர்ப்பக்கம் ஆளுக்கு 3.96, மரத்தின் பக்கம் 1.13.

மருத்துவமனைக் கட்டிலில் உடம்புக்குத்தான் ஓய்வு. மனசு ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை: தையல் பிரிந்துவிடுமோ, பில் எவ்வளவு வருமோ, வீட்டில் குழந்தைகள் என்ன செய்கிறார்களோ. வெறும் சுவரைப் பார்த்தால் இதே ஓட்டம் தொடரும். அசையும் இலை கண்ணை இழுத்துக்கொள்கிறது, ஆனால் பதில் எதுவும் கேட்பதில்லை. வேண்டுமென்று குவிக்கும் கவனம் களைத்துப்போகும், தானாக ஈர்க்கப்படும்போது அது இளைப்பாறும் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல், ஸ்டீபன் கப்லன் தம்பதி விளக்கினார்கள். உல்ரிச்சோ அச்சமும் பதற்றமும் தணிவதையே முதன்மையாகக் கண்டார். இரண்டுமே உண்மையாக இருப்பதில் தடையொன்றுமில்லை.

இது முற்றிலும் புதிய அறிவும் அல்ல. ஜன்னல் வழியே வெளியே பார்க்க முடியாத நோயாளி படும் அவதியைப் பற்றி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். பின்னர் குளிர்சாதனமும் குழல்விளக்கும் வந்தன. ஜன்னல் அவசியமில்லை என்று ஆயிற்று. மறந்ததை மீட்க 1984 ஏப்ரலில் ‘சயன்ஸ்’ இதழில் வந்த உல்ரிச்சின் கட்டுரை தேவைப்பட்டது. அது முழுதாக இரண்டு பக்கம்கூட இல்லை.

அதில் அவரே ஓர் எச்சரிக்கையையும் வைத்திருந்தார். ஒப்பிட்டது வெறும் சுவரோடுதான். நெடுநாள் படுத்து அலுத்துப்போன ஒருவருக்குக் கலகலப்பான தெருவே நல்ல காட்சியாக இருக்கலாம். பிறகு ஸ்வீடனின் உப்சாலாவில் இதய அறுவை நோயாளிகளின் கட்டிலெதிரே படங்களை மாட்டிப் பார்த்தார்கள். மரமும் நீரும் உள்ள படம் பதற்றத்தைக் குறைத்தது. நவீன அரூப ஓவியமோ, எதுவுமே மாட்டாததைவிட மோசம்.

நோயாளியின் கண்ணில் பச்சை பட வேண்டும் என்ற சிந்தனை கட்டடமாக எழுந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூரின் ஈசூனுக்குப் போகலாம். 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை பக்கத்திலுள்ள குளத்தைப் பார்த்தபடி நிற்கிறது. நடுமுற்றத்தில் மரம் செடிகளை வளர்த்து, பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் திரும்பி வருவதையே ஒரு குறிக்கோளாக வைத்துக் கட்டினார்கள். மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம்; அதைக் கவனித்துக்கொள்வது அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள்.