சொல்ல முடியாதோரின் நோவு

1906 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநல வைத்தியசாலையில் ஔகுஸ்ட டேட்டர் என்ற பெண்மணி தமது 55 ஆவது வயதிற் காலமானார். 1901 இல் அங்கு அனுமதிக்கப்பட்ட அவரிடம் கேள்விகள் கேட்டு, பதில்களை விரிவாகக் குறித்துவைத்தவர் வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர். அவரைப் பற்றி அல்சைமர் 1907 இல் வெளியிட்ட சிறு கட்டுரையே இன்று அவர் பெயராலேயே வழங்கும் மறதிநோயின் வரலாற்றுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

அக்கட்டுரையில் அதிகம் பேசப்படாத செய்தியொன்று உண்டு. இறுதிக் காலத்தில் அப்பெண்மணி எதிலும் நாட்டமின்றி, கால்களை மடக்கி இழுத்தவாறு படுக்கையிற் கிடந்தார்; எவ்வளவு பராமரித்தும் படுக்கைப் புண்கள் ஏற்பட்டன. அவை அவருக்கு நொந்தனவா? கேட்டறியும் வழி எவரிடமும் இருக்கவில்லை.

அதன் பின்னரும் நெடுங்காலம், நோவை அறியும் வழி நோயாளியின் வாய்ச்சொல்லாகவே இருந்தது. நோயாளி நோகிறது என்றால் நோகிறது என்றே கொள்ள வேண்டுமென 1968 இல் அமெரிக்கத் தாதி மார்கோ மக்கஃப்ரி வலியுறுத்தினார். 1975 இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக், நோவைக் குறிக்கும் சொற்களைத் தொகுத்து ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். நோயாளியின் சொல்லுக்கு மதிப்பளித்த பெரும் முன்னேற்றங்கள் இவை. ஆயினும் சொல்லிழந்தவர்கள் இவற்றுக்கு வெளியிலேயே நின்றனர்.

அதன் விளைவை 2000 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஷோன் மொரிசனும் அல்பேர்ட் சியுவும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இடுப்பெலும்பு முறிந்த முதியோரில், முற்றிய மறதிநோய் உடையவர்களுக்குக் கிடைத்த மோர்பின் வகை மருந்தின் அளவு, மனத்தெளிவுடன் இருந்தோருக்குக் கிடைத்ததில் மூன்றிலொரு பங்கே. முறிவு ஒன்றுதான். கேட்டவர்களுக்கு மருந்து கிடைத்தது. கேட்க இயலாதவர்களுக்குக் குறைந்தது.

இந்த இடைவெளியை நிரப்பவே, பார்த்தறியும் அளவுகோல்கள் பிறந்தன. 2003 இல் அமெரிக்காவில் வெளியான பெய்னாட் ஐந்து விடயங்களைப் பார்க்கிறது: மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, ஆறுதலுக்கு அடங்கும் தன்மை. ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளிகள் வரை, மொத்தம் 10. 2004 இல் அவுஸ்திரேலியாவின் ஜெனிபர் ஆபே வகுத்த அளவுகோல் நடத்தை மாற்றத்தையும் உடலிலுள்ள காயங்களையும் சேர்த்து 18 புள்ளிகள் கொண்டது. பெய்னாட் அளவுகோலில், முழங்கால்களை மடக்கி இழுத்துக் கிடப்பது 2 புள்ளிகளுக்குரியது. ஔகுஸ்ட டேட்டரை இன்றைய தாதியொருவர் பார்த்திருந்தால், அந்தக் கட்டத்தில் நிச்சயம் அடையாளமிட்டிருப்பார்.

எனினும் புள்ளிகள் தீர்ப்பல்ல. பயம், பசி, குளிர், மலச்சிக்கல் ஆகியனவும் இதே அறிகுறிகளைத் தரலாம். ஆகவே நோயாளியைப் புரட்டும்போதும் நடத்தும்போதும் பார்க்க வேண்டும். நோவு மருந்து கொடுத்த பின் மீண்டும் பார்க்க வேண்டும்.

இதில் தவறினால் நேர்வது வெறும் கவனக்குறைவு அல்ல. நோவினால் அடிப்பவரும் கத்துபவரும் குழப்பக்காரர் எனக் கருதப்பட்டு, மனநோய் மருந்து கொடுக்கப்படுகிறார். அம்மருந்துகள் மறதிநோயுள்ள முதியோரின் மரண அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005 இலேயே எச்சரித்தது. 2011 இல் நோர்வேயில் பெட்டின ஹூசெபோ குழுவினர், 18 பராமரிப்பு இல்லங்களில் 352 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு மாற்றுவழியைக் காட்டியது. எட்டு வாரங்கள் படிமுறையாக நோவுக்கு மருந்து கொடுத்ததில் கிளர்ச்சி சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. பெரும்பாலானோருக்கு வழங்கப்பட்டது சாதாரண பரசிற்றமோல்தான்.

பேச இயலாமை நோவு இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பதை, நோவு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020 இல் திருத்திய தனது வரைவிலக்கணத்தின் விளக்கக் குறிப்பிலும் தெளிவாக எழுதியுள்ளது.

புலம்பெயர்ந்த நமக்கும் இதில் ஒரு பாடமுண்டு. மறதிநோய் முற்றும்போது, பிற்காலத்திற் கற்ற மொழி முதலில் நழுவுவதுண்டு. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் தாயார் 'உளையுது' என்றால், அங்குள்ள தாதிக்கு அது வெறும் ஒலி. அந்தச் சொல்லையும், நோவு வந்தால் அம்மாவின் முகம் எப்படி மாறும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே வைப்பது பிள்ளைகளால் இயலக்கூடிய காரியமே.