ட்ரூமன் உரை: நிதிக் கோரிக்கையிலிருந்து பாடப்புத்தகத்துக்கு

1947 மார்ச் 12 அன்று அமெரிக்கக் காங்கிரஸின் கூட்டு அமர்வில் ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் பேசியது இருபது நிமிடத்துக்கும் குறைவு. அவர் கேட்டது 40 கோடி டாலர்: கிரேக்கத்துக்கு 30 கோடி, துருக்கிக்கு 10 கோடி. ஆனால் அந்தப் பேச்சு ஒரு நிதிக் கோரிக்கையோடு நிற்கவில்லை. உலகின் ஏறக்குறைய ஒவ்வொரு நாடும் இரண்டு வாழ்முறைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டத்தில் இருக்கிறது என்றும், ஆயுதமேந்திய சிறுபான்மையினரையோ வெளி அழுத்தத்தையோ எதிர்த்து நிற்கும் சுதந்திர மக்களுக்குத் துணைநிற்பதே அமெரிக்காவின் கொள்கை என்றும் அது அறிவித்தது. சோவியத் யூனியனின் பெயர் உரையில் ஓரிடத்தில்கூட இல்லை. ஆனாலும் யாரைப் பற்றிய பேச்சு என்பதில் அவையில் இருந்த எவருக்கும் ஐயம் எழுந்திருக்காது.

இந்த உரை அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாகி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அது கற்பிக்கப்பட்ட விதத்தில் நேர்ந்த மாற்றம் தனியே ஆராயத் தக்கது. காங்கிரஸை இணங்கவைக்க எழுதப்பட்ட ஒரு வாதத்தை, உலகம் உண்மையில் எப்படி இருந்தது என்பதற்கான விளக்கமாகவே ஒரு தலைமுறை மாணவர்கள் படித்தார்கள். அதை மீண்டும் ஒரு வாதமாகப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அது ஒரு வாதமே என்பதற்கு உரை பிறந்த சூழலே சான்று. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் தந்துவந்த உதவியை மார்ச் இறுதிக்குப் பின் தொடர முடியாது என்று பிரிட்டன் 1947 பிப்ரவரி 21 அன்று வாஷிங்டனுக்குத் தெரிவித்தது. அதற்கு முந்தைய நவம்பரில்தான், செலவையும் வரியையும் குறைப்பதாக வாக்களித்த குடியரசுக் கட்சி காங்கிரஸின் இரு அவைகளையும் கைப்பற்றியிருந்தது. பிப்ரவரி 27 அன்று வெள்ளை மாளிகையில் காங்கிரஸ் தலைவர்களிடம் வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் மார்ஷல் நிலைமையை நிதானமாக விளக்கினார். அது எடுபடவில்லை. துணைச் செயலர் டீன் அச்சிசன் குறுக்கிட்டுப் பேசினார். பீப்பாயில் ஓர் ஆப்பிள் அழுகினால் மற்றவையும் அழுகும். கிரேக்கம் விழுந்தால் ஈரான், எகிப்து, இத்தாலி, பிரான்ஸ் வரை நோய் பரவும் என்றார். அறையில் அமைதி நிலவியது. இதே தொனியில் ஜனாதிபதி நாட்டு மக்களிடம் பேசினால் ஆதரிப்பதாகச் செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க் சொன்னார். ஏப்ரலில் மசோதா 67க்கு 23 என்ற வாக்குகளில் செனட்டில் நிறைவேறியது. மே 22 அன்று ட்ரூமன் கையெழுத்திட்டார்.

உள்ளுக்குள் எதிர்ப்பு இல்லாமலில்லை. 1946 பிப்ரவரியில் மாஸ்கோவிலிருந்து 'நீண்ட தந்தி' அனுப்பிச் சோவியத் விரிவாக்கத்தைக் கட்டுப்படுத்தும் கொள்கைக்கு அடித்தளம் இட்ட ஜார்ஜ் கென்னனே உரையின் வரைவைப் படித்துவிட்டு, எல்லையற்ற அதன் வாக்குறுதியை எதிர்த்தார். மாஸ்கோ மாநாட்டுக்குப் போகும் வழியில் பாரிஸில் தங்கியிருந்த மார்ஷலுக்கும் வெளியுறவுத் துறை அதிகாரி சார்ல்ஸ் போலனுக்கும் வரைவு போய்ச் சேர்ந்தது. கம்யூனிச எதிர்ப்பு முழக்கம் அளவுக்கு மீறியிருப்பதாக அவர்கள் கருதினார்கள். அது இல்லாமல் செனட்டின் ஒப்புதல் கிடைக்காது என்று வாஷிங்டனிலிருந்து பதில் வந்ததாகப் போலன் பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் பதிவு செய்தார். இந்த ஒரு செய்திப் பரிமாற்றத்தை மட்டும் வகுப்பில் வைத்துப் பேசினாலே அரைநாள் போதாது.

ஆனால் ஆரம்ப காலத்து வகுப்பறைகளில் அதற்கு இடமிருக்கவில்லை. உரை நிகழ்ந்த ஒன்பதாம் நாள், மார்ச் 21 அன்று, மத்திய அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் 9835ஆம் ஆணையை ட்ரூமன் பிறப்பித்தார். வெளியுறவுக் கொள்கை சீக்கிரமே உள்நாட்டுக் கேள்வியாயிற்று. அதே ஆண்டில் கல்வி ஆணையர் ஜான் ஸ்டூட்பேக்கர் ஜனநாயகத்தின் மீது மாணவர்களுக்கு ஆர்வத்தை ஊட்டும் திட்டம் ஒன்றைப் பள்ளிகளில் தொடங்கினார். நியூயார்க் மாநிலம் 1949இல் ஃபைன்பர்க் சட்டத்தைக் கொண்டுவந்து, அரசைக் கவிழ்க்கப் பரிந்துரைக்கும் அமைப்புகளில் உறுப்பினராயிருக்கும் ஆசிரியர்களை வேலையிலிருந்து நீக்க வழிசெய்தது. உச்ச நீதிமன்றம் 1952இல் அதை ஏற்றது. 1967இல்தான் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தள்ளியது. வேலை போய்விடும் என்ற அச்சத்தோடு நிற்கும் ஆசிரியர், அச்சிசனின் வாதம் சரியா என்று மாணவர்களை விவாதிக்கச் சொல்வது எப்படி?

இந்தப் போக்கின் உச்சம் புளோரிடா. அம்மாநிலம் 1961இல் இயற்றிய சட்டம், அமெரிக்க நெறியையும் கம்யூனிசத்தையும் ஒப்பிடும் 30 மணி நேரப் பாடத்தை உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கியது. அமெரிக்க முறையைவிடக் கம்யூனிசம் மேலானது என்று எந்த ஆசிரியரும் கற்பிக்கக் கூடாது என்பதும், காங்கிரஸின் விசாரணைக் குழுக்களுடைய அறிக்கைகளே பாடத்துக்கு வழிகாட்டி என்பதும் சட்டத்திலேயே இருந்தன. மறு ஆண்டு எஃப்.பி.ஐ. இயக்குநர் எட்கர் ஹூவர் கம்யூனிசத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அது வகுப்பறைகளுக்குள்ளும் வந்தது. புளோரிடாவின் சட்டம் 1991 வரை நீடித்தது.

உடைப்பு பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது. வரலாற்றாசிரியர் வில்லியம் ஆப்பிள்மன் வில்லியம்ஸ் 1959இல் வெளியிட்ட அமெரிக்க ராஜதந்திரத்தின் சோகம் குறித்த நூல், பனிப்போருக்கு வாஷிங்டனின் பொருளாதார நோக்கங்களும் காரணம் என்றது. வியட்நாம் போர் அந்த வாதத்துக்கு வாசகர்களைத் திரட்டித் தந்தது. ட்ரூமன் அன்று அறிவித்த கொள்கை எங்கே கொண்டுவிட்டது என்று, போருக்கு அழைக்கப்படக்கூடிய வயதில் இருந்த மாணவர்களே கேட்டார்கள். பனிப்போரைப் பற்றிய வால்டர் லஃபீபரின் நூல் 1967இல் வந்தது. ஜான் லூயிஸ் கேடிஸ் 1972இல் இரு தரப்பையும் நிறுத்துப் பார்க்கும் இன்னொரு வழியைத் திறந்தார். 1950 ஏப்ரலில் எழுதப்பட்டு, ராணுவச் செலவைப் பன்மடங்கு உயர்த்தச் சொன்ன தேசியப் பாதுகாப்புக் குழுவின் 68ஆம் ஆவணம் 1975இல் ரகசியப் பட்டியலிலிருந்து விடுபட்டது.

பள்ளிகளின் பக்கத்தில் 1960களில் ஆம்ஹெர்ஸ்ட் திட்டம், பாடப்புத்தகத்தின் தீர்ப்புக்குப் பதிலாக மூல ஆவணங்களை மாணவர் கையில் கொடுத்துப் பார்த்தது. 1973இல் உயர்நிலை மாணவர்களுக்கான ஏ.பி. அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் ஆவணங்களைப் படித்து வாதம் எழுதும் வினா சேர்ந்தது. தேர்வில் வரும் என்றால் வகுப்பில் நடத்தாமல் முடியாது.

பெரிய வாய்ப்பு மாஸ்கோவிலிருந்து வந்தது. வாஷிங்டனில் சோவியத் தூதராயிருந்த நிகோலாய் நோவிகோவ் 1946 செப்டம்பர் 27 அன்று தம் அரசுக்கு அனுப்பிய தந்தி, பனிப்போர் முடிகிற வேளையில் வெளியானது. அமெரிக்கா உலக ஆதிக்கத்தை நாடுகிறது என்பது அதன் சாரம். கென்னனின் தந்தியையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது இரு தலைநகரங்களும் ஒன்றையொன்று எப்படிக் கண்டு அஞ்சின என்பது தெளிகிறது. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க் வழிநடத்திய வரலாற்றுக் கல்விக் குழு இதை ஒரு பாடமாகவே அமைத்தது. பனிப்போருக்கு முதற்பொறுப்பு யாருடையது என்பதே பாடத்தின் கேள்வி. மாணவர்முன் இருப்பவை சர்ச்சில் ஃபுல்டனில் ஆற்றிய உரை, ட்ரூமன் உரை, நோவிகோவின் தந்தி, வணிகச் செயலர் ஹென்றி வாலஸ் 1946 ஜூலையில் ட்ரூமனுக்கு எழுதிய கடிதம். ரஷ்யர்களின் கண்ணில் நம் அணுகுண்டுகளும் தொலைதூரத் தளங்களும் எப்படித் தெரியும் என்று வாலஸ் கேட்டிருந்தார். இரண்டு மாதத்தில் அவர் பதவி போனது. எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எதைப் பெற எழுதினார் என்பதை முதலில் கேட்கச் சொல்லும் இம்முறையே, ட்ரூமன் உரையை அதற்குரிய இடத்தில் வைக்கிறது.

மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் உள்ள ட்ரூமன் நூலகம் வேறொரு வழியைத் தேர்ந்தது. 1957 ஜூலையில் திறக்கப்பட்ட அந்த நூலகத்தின் அரங்கில் ட்ரூமனே பள்ளி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுண்டு. 2001இல் அங்கே 'முடிவெடுக்கும் மையம்' ஒன்று தொடங்கியது. மாணவர்கள் ஜனாதிபதியாகவும் ஆலோசகர்களாகவும் பொறுப்பேற்று, ரகசியம் நீங்கிய ஆவணங்களின் பிரதிகளைப் படித்து முடிவெடுக்கிறார்கள். பின்பு செய்தியாளர் சந்திப்பில் அதை விளக்குகிறார்கள். 1948 ஜூனில் சோவியத் படைகள் பெர்லினுக்கான தரைவழியை அடைத்த நெருக்கடியும் அதில் ஒரு பாடம். வெளியேறுவதா, ஜெனரல் லூஷியஸ் கிளே கேட்டபடி ஆயுதப் படையோடு சாலையைத் திறப்பதா, வானிலிருந்து உணவும் நிலக்கரியும் கொடுப்பதா? வான்வழிதான் வென்றது: 1949 வரை சுமார் 2,78,000 விமானப் பயணங்களில் 23 லட்சம் டன் சரக்கு. விடை தெரிந்தபின் இது எளிய முடிவாகத் தோன்றும். ஆவணங்களோடு மேசையில் அமரும் மாணவருக்கு 1948 ஜூனில் அந்த விடை தெரியாது. இந்த முறையின் வலிமை அதில்தான் இருக்கிறது.

இதற்கிடையே காற்று மீண்டும் திரும்புகிறது. புளோரிடா 2022இல் இயற்றிய சட்டம் ஆண்டுதோறும் நவம்பர் 7 அன்று கம்யூனிச ஆட்சிகளுக்குப் பலியானவர்களைப் பற்றி உயர்நிலை மாணவர்களுக்குக் குறைந்தது 45 நிமிடம் கற்பிக்கச் சொல்கிறது. 2024இல் வந்த இன்னொரு சட்டம் 2026–27 கல்வியாண்டிலிருந்து கம்யூனிசத்தின் வரலாற்றைப் பாடத்திட்டத்தில் சேர்க்கிறது. ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளைக் கற்பிக்க வேண்டியது அவசியமே. அவற்றை ட்ரூமன் உரையின் இரு-உலகச் சட்டகத்துக்குள் அடைத்துக் கற்பித்தால்தான் சிக்கல்.

அந்தச் சட்டகத்தை ட்ரூமனின் நிர்வாகமே கைவிட்டது என்பது பல பாடங்களில் விடுபட்டுப்போகும் செய்தி. கிரேக்க உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களுக்கு முக்கிய ஆதரவு யூகோஸ்லாவியாவின் டீட்டோவிடமிருந்தே வந்தது. அந்தக் கிளர்ச்சியை முடித்துக்கொள்ளுமாறு 1948 பிப்ரவரியில் ஸ்டாலின் சொன்னதாக யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்ட் தலைவர் மிலோவன் ஜிலாஸ் எழுதினார். ஜூனில் டீட்டோவும் ஸ்டாலினும் பிரிந்தார்கள். 1949 ஜூலையில் டீட்டோ கிரேக்க எல்லையை மூடினார். அக்டோபரில் உள்நாட்டுப் போர் முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி, கம்யூனிஸ்டுகள் ஆண்ட யூகோஸ்லாவியாவுக்கு 2 கோடி டாலர் கடன் அளித்தது. 1950 டிசம்பரில் காங்கிரஸ் 5 கோடி டாலர் அவசர உதவிக்கு இசைந்தது. மார்ச் 12 உரையைப் படிக்கும் மாணவரின் மேசையில் இந்த ஆவணங்களும் இருக்க வேண்டும்.