சூட்டிக்கொண்ட பெயரும் சூட்டப்பட்ட பெயரும்: விக்கா பற்றிச் சில குறிப்புகள்

‘விட்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன? பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் ‘சூனியக்காரி’ என்பார்கள். டப்பிங் படங்களில் அப்படித்தான், குழந்தைகள் கதையிலும் அப்படித்தான். ஆனால் இன்று இங்கிலாந்தில் தன்னை விட்ச் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் நூலகத்திலோ வங்கியிலோ வேலை பார்ப்பவராக இருக்கலாம். பௌர்ணமி ராத்திரி நாலு பேரோடு சேர்ந்து விளக்கேற்றி ஒரு பெண் தெய்வத்தைக் கும்பிடுவார், அவ்வளவுதான். அவரை நம்ம தெருவில் கொண்டுவந்து ‘இவங்க சூனியக்காரி’ன்னு அறிமுகம் செஞ்சா என்ன ஆகும்? பக்கத்து வீட்டில் வாசலுக்கு எலுமிச்சம்பழம் கட்டிவிடுவார்கள்.

ஒரே சொல் இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கிறது. எங்கள் தொழிலில் ஒரே வேரியபிளில் இரண்டு வேறு வேறு தகவலைப் போட்டு வைத்தால் வரும் குழப்பம் மாதிரி. இது எப்படி வந்தது என்று தேடிப் போனால், கதை இந்தியாவையும் இலங்கையையும் பலமுறை தொட்டுப் போகிறது.

அடையாறு வழியாக ஒரு கதை

விக்கா என்ற மதத்தை உலகுக்கு அறிவித்தவர் ஜெரால்ட் கார்ட்னர். 1884இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. 1900இல் பதினாறு வயதில் சிலோனுக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை கற்றுக்கொண்டார். பிறகு போர்னியோ, மலாயா. ஜோகூரில் சுங்கத் துறையில் வேலை. 1936இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். அதே ஆண்டு மலாய் மக்களின் கிரிஸ் கத்தி பற்றி ஒரு ஆய்வு நூலும் வெளியிட்டார். வாழ்க்கையின் பெரும்பகுதியை ஆசியாவில் கழித்த ஆள்.

இங்கிலாந்து திரும்பியதும் கிறைஸ்ட்சர்ச் பக்கம் இருந்த ஒரு ரோசிக்குரூசியன் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் மேபல் பெசன்ட் ஸ்காட். ஆமாம், அடையாறு பிரம்மஞான சபைக்கு 1907 முதல் 1933 வரை தலைவராக இருந்த அன்னி பெசன்ட்டின் மகள்தான். அந்த வட்டத்தில் பழகியவர்கள் மூலமாக 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழைய ‘விட்ச்’ குழுவில் தனக்கு தீட்சை கிடைத்தது என்று கார்ட்னர் பிற்பாடு சொன்னார். டிராஃபிக் இல்லாவிட்டால் பெருங்களத்தூரிலிருந்து அடையாறு ஒரு மணி நேரம். விக்கா ஏதோ நமக்குச் சம்பந்தமே இல்லாத சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு இழை கல்கத்தாவிலிருந்து போகிறது. 1863இல் அங்கே பிறந்த மார்கரெட் மர்ரே, லண்டனில் எகிப்தியல் ஆய்வாளராகப் பேர் வாங்கியவர். ஐரோப்பாவில் சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டவர்கள் உண்மையில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஒரு ரகசிய மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று 1921இல் ஒரு புத்தகம் எழுதினார். கலைக்களஞ்சியமான பிரிட்டானிக்காவிலும் 1929இல் அவர் கருத்தே கட்டுரையாக வந்தது. கார்ட்னர் 1954இல் தன் மதத்தைப் பற்றி வெளியிட்ட நூலுக்கு முன்னுரை தந்ததும் மர்ரேதான்.

1954 வரை கார்ட்னர் ஏன் காத்திருந்தார்? 1735இல் போட்ட சூனியத் தடைச் சட்டம் 1951 வரை பிரிட்டனில் அமலில் இருந்தது. அந்தச் சட்டம் சூனியத்தை நம்பவில்லை. ‘எனக்குச் சூனியம் தெரியும்’ என்று ஏமாற்றுவதைத்தான் குற்றம் என்றது. ஆனாலும் அது இருக்கும்வரை வெளிப்படையாகப் பேசுவது ஆபத்து.

மூன்று தவறான எண்ணங்கள்

முதலாவது, விக்கா என்றால் சாத்தான் வழிபாடு. இது சுத்தத் தவறு. விக்காவில் ஒரு பெண் தெய்வம், கொம்புள்ள ஒரு ஆண் தெய்வம், ஆண்டுக்கு எட்டுப் பருவ விழாக்கள், பௌர்ணமிச் சடங்குகள். யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது அடிப்படை ஒழுக்கம். சாத்தான் கிறிஸ்தவத்தின் பாத்திரம், விக்காவில் அவனுக்கு இடமே இல்லை. கொம்பைப் பார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே கொம்புள்ள உருவத்தோடு பொருத்திவிட்டார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. 1993இல் அமெரிக்காவின் வெஸ்ட் மெம்ஃபிஸில் மூன்று சிறுவர்கள் கொலை செய்யப்பட்டார்கள். டேமியன் எக்கோல்ஸ் என்ற இளைஞரும் இன்னும் இருவரும் கைதானார்கள். எக்கோல்ஸுக்கு விக்காவில் ஈடுபாடு இருந்தது. சாத்தான் பலி என்ற கோணத்தில் வழக்கு நடந்தது, 1994இல் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். புதிய டிஎன்ஏ சோதனைகள் வந்தபிறகு, அரசுத் தரப்போடு ஏற்பட்ட ஒரு உடன்பாட்டின்படி 2011இல் மூவரும் வெளியே வந்தார்கள். உள்ளே போனது பதினெட்டு வருஷம்.

இரண்டாவது தவறு விக்கா ஆட்களே வளர்த்தது: இது பல்லாயிரம் ஆண்டுப் பழமையான மதம், ஐரோப்பாவில் 90 லட்சம் பேர் எரிக்கப்பட்டார்கள். மர்ரேயின் கருத்தை வரலாற்று ஆய்வாளர்கள் எப்போதோ நிராகரித்துவிட்டார்கள். 90 லட்சம் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானியர் ஒரு ஊர்க் கணக்கை ஐரோப்பா முழுக்க நீட்டிப் போட்ட எண். இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது சுமார் 40,000 முதல் 60,000 வரை. அதுவே கொடூரம்தான், அதைப் பெருக்கிக் காட்ட வேண்டியதில்லை. விக்கா 20ஆம் நூற்றாண்டில் உருவான மதம் என்பதை ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார். இன்று விக்காவினர் பலரே இதை ஏற்கிறார்கள். புதுசா இருந்தா பொய்யா என்ன?

மூன்றாவது, நம்ம பக்கம் கேட்கிற பேச்சு: ‘பேகன் என்றாலும் இந்து என்றாலும் ஒன்றுதானே?’ பேகன் என்பதன் லத்தீன் மூலத்துக்குக் கிராமத்து ஆள் என்று பொருள், ஏறக்குறைய நம்ம ‘பட்டிக்காட்டான்’. கிறிஸ்தவர்கள் தங்களைச் சேராத எல்லோருக்கும் ஒட்டிய லேபிள். ஒரே லேபிள் ஒட்டியிருப்பதால் பாட்டிலுக்குள் இருப்பதும் ஒன்றாகிவிடாது. கார்ட்னரின் மதம் எழுபது சொச்சம் ஆண்டுகளாக வெளியில் தெரிவது. முனீஸ்வரனும் அங்காளம்மனும் தலைமுறை தலைமுறையாக வருபவர்கள்.

நம் சாமிகளும் ‘பேய்’களும்

ஆனால் ஒரு அனுபவம் மட்டும் இரண்டுக்கும் பொது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல் எழுதினார். மாரியம்மன், எல்லம்மன், பிடாரி, ஐயனார் எல்லோரும் அதில் உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்த மேலிடம் அச்சிட மறுத்தது. அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், பரப்ப இல்லை என்ற தொனியில் பதில். கடைசியில் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது, 154 ஆண்டு கழித்து.

1849இல் கால்டுவெல் திருநெல்வேலிப் பக்கத்து நாடார் சமூகம் பற்றி எழுதிய நூலில் அவர்களது வழிபாட்டைப் ‘பேய் வழிபாடு’ என்றே வகைப்படுத்தினார். சாமியாட்டம் ஆங்கிலத்தில் ‘டெவில் டான்ஸ்’ ஆனது. அந்த நூலுக்கு அச்சமூகத்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. கொம்பைப் பார்த்துச் சாத்தான் என்றவர்களும் சுடலைமாடனைப் பார்த்துப் பேய் என்றவர்களும் செய்தது ஒரே வேலை.

பாதிரியார்களை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கறாராக அமல்படுத்தச் சொல்லித் தமிழக அரசு 2003இல் உத்தரவிட்டது. கிராமக் கோயில்களில் பெரும் எதிர்ப்பு. 2004இல் சட்டமே ரத்தானது. பலி சரியா தப்பா என்பது தனி விவாதம். ‘இதெல்லாம் நாகரிகமான பக்தி இல்லை’ என்ற பார்வை நம்மிடமும் இருக்கிறது என்பதைக் கவனிக்கணும். ஆடி மாசம் கூழ் ஊத்தினால் நமக்குப் பிரச்சினை இல்லை, அதே கோயிலில் கிடா வெட்டினால் முகம் சுளிப்போம்.

சொல்லின் விலை

2021இல் பத்மஸ்ரீ வாங்கியவர்களில் இருவர் ஜார்கண்டின் சுட்னி தேவி, அசாமின் பீருபாலா ராபா. சுட்னி தேவியை ஊரே சூனியக்காரி என்று சொல்லிச் சித்திரவதை செய்தது. தப்பிப் பிழைத்தவர், அப்படிப் பழி சுமத்தப்பட்ட பெண்களுக்காக வாழ்நாள் முழுக்கப் போராடினார். பீருபாலா அசாமில் அதே வேலையைச் செய்தார். சூனியக்காரி என்று ஒருவரைக் குறிவைப்பதைத் தண்டிக்க பீகாரில் 1999இல், ஜார்கண்டில் 2001இல், அசாமில் 2015இல் சட்டங்கள் இயற்றினார்கள்.

இங்கேதான் அந்த வேரியபிள் குழப்பம் உயிரோடு விளையாடுகிறது. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 74,000 பேர் பேகன் என்றும் 13,000 பேர் விக்கா என்றும் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். அது அவர்கள் சூட்டிக்கொண்ட பெயர். ஜார்கண்டில் அடிபட்ட பெண் யாரும் தன்னைச் சூனியக்காரி என்று சொல்லவில்லை. அது அவர்கள் மேல் சூட்டப்பட்ட பெயர், பல இடங்களில் காரணம் நிலத் தகராறு, அல்லது ஊரில் வந்த காய்ச்சல்.

அதனால் என் வழக்கம் இதுதான்: விக்காவை விக்கா என்றே எழுதுவது, சூனியக்காரி என்று மொழிபெயர்க்காமல் விடுவது. செய்தியில் ‘சூனியக்காரி அடித்துக் கொலை’ என்று தலைப்பு வந்தால், ‘சூனியக்காரி என்று சொல்லி அடித்துக் கொல்லப்பட்ட பெண்’ என்று படித்துக்கொள்வது. நாலு வார்த்தை கூடத்தான் ஆகிறது. ஆனால் செத்துப்போனவர் மேல் கொன்றவர்கள் சுமத்திய பழியை நாமும் ஒருமுறை சுமத்தாமல் இருக்கலாம்.