கடல் அட்டைக்குத் தடை போட்டு 20 வருஷம் தாண்டியாச்சு. எண்ணிக்கை கூடியதா என்று எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் நின்று வண்டிகளை எண்ணுங்கள். பெங்களூரில் டிராஃபிக்கே இல்லை என்று எழுதிவிடலாம். திங்கள் காலை 9 மணிக்கு எண்ணினால் கதையே வேறு. இரண்டும் பொய்க் கணக்கு இல்லை. ஆனால் எந்த ஒன்றையும் தனியாக வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பவளப்பாறைகளில் நடமாடும் முதுகெலும்பில்லாத உயிரினங்களை எண்ணுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான்.

பவளம் ஒட்டிய இடத்திலேயே இருக்கும். அளப்பது ஓரளவு சுலபம். கடல் அட்டை, கடல் முள்ளெலி, நட்சத்திர மீன், சங்கு, சிங்கி இறால் எல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும். பல இனங்கள் பகலில் பாறை இடுக்கில் ஒளிந்து ராத்திரியில்தான் வெளியே வரும். சில கடல் அட்டைகள் மணலுக்குள் புதைந்துவிடும். நீங்கள் பார்க்கவில்லை என்பதால் அது அங்கே இல்லை என்று அர்த்தமில்லை.

அதனால்தான் முறை முக்கியம். 1997 முதல் உலகம் முழுக்க நடக்கும் 'ரீஃப் செக்' கணக்கெடுப்பில், கடலடியில் டேப்பை விரித்து, 20 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் கொண்ட நான்கு பட்டைகளில் குறிப்பிட்ட சில உயிரினங்களை மட்டும் எண்ணுவார்கள். முறை சிம்பிள்தான். அதே இடத்துக்கு, அதே பருவத்தில், அதே நேரத்தில் வருஷா வருஷம் திரும்பிப் போவதுதான் கஷ்டம். நிதி மூன்று வருஷத்துக்கு வரும். கேள்விக்குப் பதில் கிடைக்க முப்பது வருஷம் ஆகும்.

நமக்கு இதில் என்ன?

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986-ல் தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் கடல் அட்டைகள் மொத்தமாக வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. பிடித்தால் ஜெயில். எதிர்க்கரையான இலங்கையிலோ லைசென்ஸ் வாங்கிப் பிடிக்கலாம். மூச்சடக்கி மூழ்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு இது எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். கடத்தலும் நிற்கவில்லை.

அட்டை பெருகிவிட்டது, தடையை எடுங்கள் என்பது மீனவர் தரப்பு. எடுத்தால் அழிந்துவிடும் என்பது பாதுகாப்புத் தரப்பு. இங்கேதான் சிக்கல். மீன்பிடிப்பு இருந்தவரை, கரைக்கு வந்த அட்டையின் எடையாவது ஒரு கணக்காக இருந்தது. தடை வந்ததும் அதுவும் நின்றது. மிஞ்சியது பறிமுதல் கணக்கு. என்னைக் கேட்டால், அது அதிகாரிகளின் சுறுசுறுப்பைத்தான் அளக்கும், கடலை அல்ல.

சராசரி எண்ணிக்கையும் போதாது. கடல் அட்டைகள் முட்டையையும் விந்தையும் தண்ணீரில்தான் விடுகின்றன. ஆணும் பெண்ணும் அருகருகே இல்லாவிட்டால் கரு உருவாவது அரிது. நூறு அட்டைகள் ஒரே இடத்தில் இருப்பதும், பெரிய பரப்பில் சிதறிக் கிடப்பதும் ஒன்றல்ல.

எண்ணாமல் விட்டால்?

1983-ல் பனாமா அருகே தொடங்கிய ஒரு நோய், சுமார் ஒரு வருஷத்துக்குள் கரீபியன் கடலின் கறுப்பு முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கொன்றது. அவை மேய்ந்த பாசி, ஆளில்லாமல் வளர்ந்து பல இடங்களில் பவளத்தை மூடியது. முன்பு எத்தனை இருந்தன என்று சில இடங்களில் எண்ணி வைத்திருந்ததால்தான் இழப்பின் அளவே தெரிந்தது.

மன்னார் வளைகுடாவில் பவளத்துக்கு அப்படிப்பட்ட கணக்கு உண்டு. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் தொடர்ந்து அளந்து வந்ததால், 2016 வெப்ப வெளுப்பில் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 ஆகக் குறைந்தது என்று சொல்ல முடிகிறது. செத்த பவளத்தின் மேல் பாசி வளரும்; அதை மேய எத்தனை முள்ளெலிகள் இருக்கின்றன என்பது அடுத்த கேள்வி.

மூன்றாவது வழி ஒன்றும் பேசப்படுகிறது: குஞ்சு வளர்த்துக் கடலில் விடுவது. வெள்ளை அட்டைக் குஞ்சுகளைத் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1988-லேயே உற்பத்தி செய்துவிட்டது. விட்ட குஞ்சுகளில் எத்தனை பிழைக்கும் என்பதற்கு யாராவது டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி கடலில் இறங்கியாக வேண்டும்.