'கொஞ்சம் லேட்டா நடப்பான்'னு காத்திருக்கலாமா? மூளை முடக்குவாதம் பற்றி பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

"அவங்க அப்பனே ரெண்டு வயசுலதானுங்க நடந்தான், விடு கண்ணு." கொங்கு வீடுகளில் பாட்டிமார் சொல்லும் ஆறுதல் இது. சில குழந்தைகளுக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் இருந்தால், அந்தக் காத்திருப்பில் சிகிச்சைக்கான முக்கிய மாதங்கள் போய்விடும்.

என்ன காரணம்?

வளரும் மூளையில் உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி பாதிக்கப்படுவதுதான் இது. தொற்றாது. மூளைப் பாதிப்பு நாளாக நாளாக அதிகமாவதும் இல்லை. குறைமாதப் பிரசவம், எடைக்குறைவு, கருவில் தொற்று, பிறக்கும்போது மூச்சுத்திணறல், பிறந்த பின் மூளைக்காய்ச்சல் ஆகியவை முக்கியக் காரணங்கள். பச்சிளம் குழந்தைக்கு வரும் கடுமையான மஞ்சள் காமாலையும் காரணமாகலாம். 'இளவெயிலில் காட்டினா போதும்'னு வீட்டிலேயே வைத்திருப்பது ஆபத்து. கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று தாயைக் குறை சொல்வதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

எப்போ சந்தேகப்படணும்?

4 மாதமாகியும் தலை நிற்கவில்லை, கை எப்போதும் மூடியே இருக்கு, 9 மாதத்திலும் உட்காரவில்லை, தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னுது என்றால் உடனே காட்டுங்க. ஒரு வயசுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதைப் பலர் 'இடதுகைப் பழக்கம்'னு விட்டுவிடுகிறார்கள். அதுவும் அறிகுறிதான்.

எங்கே போவது? 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

குணமாகுமா?

மூளைப் பாதிப்பை முழுசா நீக்கும் மருந்து இல்லை. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காலுக்கான ஸ்பிளிண்ட், தேவைப்பட்டால் போடாக்ஸ் ஊசி, அறுவை சிகிச்சை ஆகியவை அசைவை மேம்படுத்தும். மையத்தில் கற்றதை வீட்டில் தினமும் செய்வதுதான் பெரிய வேலை. லட்சக்கணக்கில் கேட்கும் ஸ்டெம் செல் சிகிச்சை இதற்கு நிரூபிக்கப்படவில்லை. தோட்டத்தை விற்று அதற்குப் போக வேண்டாம்.

2 வயதுக்குள் தானாக உட்காரும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறகு நடக்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுத்திறனில் குறையே இல்லை. பேச்சு குழறுவதை வைத்து 'புரியாது'னு முடிவு கட்டி, பள்ளிக்கு அனுப்பாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் பெறலாம். மத்திய அரசின் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. தெரபி செலவும் அதில் அடங்கும்.